தோரியத்தின் கருவில் ஒரு கடிகாரம்

இயற்பியலில் அண்மையில் எட்டப்பட்ட முக்கியமான முடிவுகளுள் ஒன்று, 13 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்: 2,020,407,384,335. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரில் இருக்கும் ஜைலா ஆய்வகத்தில், ஜுன் யே தலைமையிலான குழு இதை அளந்து, 2024 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. தோரியம்-229 என்னும் ஐசோடோப்பின் அணுக்கரு தன் இயல்பான நிலையிலிருந்து அடுத்த உயர்நிலைக்குத் தாவுவதற்கு எந்த அதிர்வெண் கொண்ட ஒளி வேண்டும் என்பதை இந்த எண் கிலோஹெர்ட்ஸ் அலகில் சொல்கிறது. பிழை வரம்பு கடைசி இலக்கத்தில் கூடவோ குறையவோ இரண்டு, அவ்வளவுதான். இப்படியொரு தாவல் அந்தக் கருவில் இருக்க வேண்டும் என்று முதன்முதலில் ஊகித்த ஆய்வு வெளிவந்தது 1976இல். ஊகத்துக்கும் அளவீட்டுக்கும் இடையே 48 ஆண்டுகள்.

பிரபஞ்சத்தின் வயது முழுவதும் ஓடினாலும் ஒரு நொடி பிசகாத புதிய கடிகாரத்துக்கு இது அடித்தளம் என்று செய்திகள் எழுதின. அந்தத் துல்லியத்தை வேறு வகைக் கடிகாரங்கள் ஏற்கெனவே எட்டிவிட்டன. தோரியம் கருவின் தனிச்சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இயற்கையின் விதிகளில் மாறாதவை என்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் எண்கள் உண்மையிலேயே மாறாதவைதாமா என்ற கேள்வியை, ஒரு மேசை அளவு இடத்தில், இதுவரை இல்லாத கூர்மையோடு கேட்க அது வழி திறக்கிறது. இந்தச் சாதனையை மதிப்பிட வேண்டிய கோணம் அதுவே என்று கருதுகிறேன்.

நொடியை எண்ணும் கலை

எந்தக் கடிகாரத்துக்கும் இரண்டு உறுப்புகள் வேண்டும்: சீராகத் திரும்பத் திரும்ப நிகழும் ஓர் அசைவு, அந்த அசைவை எண்ணும் ஒரு கருவி. சுவர்க் கடிகாரத்தில் ஊசல் ஆடுகிறது, பற்சக்கரம் எண்ணுகிறது. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் ஒரு சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது, மின்சுற்று எண்ணுகிறது. ஊசலின் நீளம் வெயிலில் கூடும், குளிரில் குறையும். ஒரு குவார்ட்ஸ் துண்டு இன்னொன்றைப் போல் அச்சாக அமையாது. மனிதர் செய்யும் எந்தப் பொருளுக்கும் உள்ள குறை இது.

அணுக்களுக்கு அந்தக் குறை இல்லை. ஒரு சீசியம்-133 அணுவுக்கும் மற்றொன்றுக்கும் எந்த வேறுபாடும் கிடையாது, அது எந்த ஊரில் எடுத்ததாக இருந்தாலும் சரி. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் 1955இல் சீசியம் கடிகாரத்தை இயக்கிக் காட்டினார்கள். 1967இல் நொடியின் வரையறையே மாறியது. சீசியம் அணுவின் குறிப்பிட்ட இரு நிலைகளுக்கு இடையிலான தாவலோடு இணைந்த நுண்ணலை 9,192,631,770 முறை அலைய ஆகும் நேரமே ஒரு நொடி. அதுவரை பூமியின் சுழற்சியையும் சூரியனைச் சுற்றும் அதன் ஓட்டத்தையும் நம்பியிருந்த காலக் கணக்கு, அன்று முதல் அணுவைச் சார்ந்ததாயிற்று. நம் கைப்பேசி தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களின் சைகைகளிலிருந்து கண்டறிவது இந்தக் கணக்கின் பயன். ஒளி ஒரு நானோநொடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கடக்கும். கடிகாரம் அவ்வளவு பிசகினால் தூரமும் அவ்வளவு பிசகும்.

அசைவு எவ்வளவு வேகமோ, நேரத்தை அவ்வளவு நுண்ணிய துண்டுகளாக வெட்டலாம். அதனால் ஆய்வாளர்கள் நுண்ணலையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு நகர்ந்தார்கள். ஸ்ட்ரான்ஷியம் அணுவில் அவர்கள் பயன்படுத்தும் ஒளி நொடிக்கு 429 லட்சம் கோடி முறை அலைகிறது. இந்த வேகத்தை எந்த மின்னணுக் கருவியாலும் நேரடியாக எண்ண முடியாது. சம இடைவெளியில் நிற்கும் லட்சக்கணக்கான அதிர்வெண்களை ஒரே லேசரிலிருந்து உண்டாக்கும் 'அதிர்வெண் சீப்பு' என்ற உத்தி அந்தத் தடையை நீக்கியது. அதை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த ஜான் ஹால், தியோடர் ஹேன்ஷ் இருவரும் 2005இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

2024இல் ஜைலாவின் ஸ்ட்ரான்ஷியம் கடிகாரம் எட்டிய துல்லியத்தில் ஒரு நொடி பிசகச் சுமார் 4,000 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள். ஈர்ப்பு விசை வலுவாக உள்ள இடத்தில் நேரம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சொன்ன முடிவு. ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரு மில்லிமீட்டர் உயர வேறுபாட்டுக்குள் இந்த விளைவை ஜைலா குழு அளந்து 2022இல் வெளியிட்டது. ஆகவே தோரியம் கரு நுழையும் களம் வெற்றுக் களமல்ல. அங்கே ஏற்கெனவே வியக்கத்தக்க கருவிகள் இருக்கின்றன.

கருவுக்குள் நுழையத் தடை என்ன

இன்றைய அணுக் கடிகாரங்கள் அனைத்தும் அணுவின் எலக்ட்ரான்களை நம்பியிருப்பவை. எலக்ட்ரான்கள் அணுவின் வெளிப்புறத்தில் இருப்பதால் அருகில் உள்ள மின்புலம், காந்தப்புலம், சுவர்களின் வெப்பக் கதிர்வீச்சு எல்லாம் அவற்றை அலைக்கழிக்கும். அதனால்தான் கடிகார அணுக்களை வெற்றிடக் கலத்தில் குளிரவைத்து, லேசர் ஒளியால் பிடித்து, ஒன்றையொன்று தொடாமல் வைக்க வேண்டியிருக்கிறது.

அணுக்கரு அணுவைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு சிறியது. சுற்றியுள்ள எலக்ட்ரான்களே அதற்குக் கவசம். அதன் காந்தத் திருப்புத்திறனும் எலக்ட்ரானுடையதைவிட மிகக் குறைவு. வெளியுலகின் தொந்தரவு அதை எளிதில் எட்டாது. கருவையே கடிகாரமாக்கினால் அணுக்களை வெற்றிடத்தில் மிதக்கவிட வேண்டிய கட்டாயமும் தளர்கிறது. ஒரு திடப் படிகத்துக்குள் கோடானுகோடி கருக்களைப் பதித்து, அனைத்தையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம்.

இவ்வளவு வசதிகள் இருந்தும் யாரும் அதைச் செய்யாமல் இருந்ததற்குக் காரணம் ஆற்றல். கருவின் நிலைகளுக்கு இடையிலான தாவல்கள் பொதுவாகப் பல்லாயிரம் எலக்ட்ரான் வோல்ட் முதல் பல லட்சம் எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் கேட்பவை. அது காமா கதிர்களின் எல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு துகளில் இருப்பது இரண்டு, மூன்று எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. காமா கதிரை லேசரைப் போல் செப்பமாக ஆளும் கருவி நம்மிடம் இல்லை.

அறியப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கரு வகைகளில், லேசருக்கு எட்டும் தூரத்தில் ஒரு தாவலை வைத்திருப்பது தோரியம்-229 ஒன்றுதான். அதன் முதல் உயர்நிலை 8.4 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது. 90 புரோட்டான்களும் 139 நியூட்ரான்களும் சேர்ந்த அந்தக் கருவில், இணையில்லாத ஒற்றை நியூட்ரான் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இரண்டு பெரிய மாற்றங்கள் நிகழ்கின்றன. கருவைக் கட்டிவைத்திருக்கும் வல்விசையின் கணக்கில் ஒன்று, புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்விசையின் கணக்கில் ஒன்று. இரண்டும் எதிரெதிர்த் திசையில் அமைந்து ஏறத்தாழ முழுவதுமாக ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. ஒரு வணிகரின் பேரேட்டில் வரவும் செலவும் லட்சங்களில் இருக்க, ஆண்டு முடிவில் கையில் நிற்பது சில ரூபாய் என்பது போன்ற நிலை இது. அந்தச் சில ரூபாயே 8.4 எலக்ட்ரான் வோல்ட். வரவில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலும் மீதி பல மடங்கு மாறிவிடும் என்பது இந்தப் பேரேட்டின் இயல்பு. இதன் பயனைப் பின்னால் காண்போம்.

தவறான இடத்தில் தேடிய ஆண்டுகள்

1976இல் அமெரிக்காவின் ஐடஹோவில் குரோகர், ரைக் என்ற இருவரும் யுரேனியம்-233 சிதைந்து தோரியம்-229 ஆகும்போது வெளிவரும் காமா கதிர்களை ஆராய்ந்தார்கள். அந்தக் கதிர்களின் ஆற்றல்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, தரைநிலைக்கு மிக நெருக்கமாக, 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவான உயரத்தில் இன்னொரு நிலை இருந்தால் மட்டுமே கணக்கு இசைந்தது. அந்த நிலையை அவர்கள் நேரில் காணவில்லை. கணக்கே அதைக் காட்டிக்கொடுத்தது.

1994இல் ஹெல்மரும் ரைக்கும் இன்னும் நுட்பமாக அளந்து, அந்த உயரம் 3.5 எலக்ட்ரான் வோல்ட், பிழை வரம்பு ஒன்று என்று அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் கொண்ட எண்களைக் கழித்து, மூன்று எலக்ட்ரான் வோல்ட் விடையைப் பெறும் முறை அது. தொடக்க எண்களில் நேரும் மிகச் சிறிய பிசகும் விடையைப் புரட்டிவிடும். உலகெங்கும் ஆய்வுக்குழுக்கள் 3.5க்கு ஏற்ற ஒளியைத் தேடிப் புறப்பட்டன. 1997இலும் 1998இலும் யுரேனியம்-233 மாதிரிகளிலிருந்து அந்த ஒளி கிடைத்துவிட்டதாக அறிவிப்புகள் வந்தன. மறுசோதனையில் உண்மை தெரிந்தது. மாதிரியிலிருந்து வெளிப்பட்ட ஆல்ஃபா துகள்கள் சுற்றியிருந்த காற்றின் நைட்ரஜனைத் தாக்கியதால் எழுந்த ஒளியே அது.

2003இல் ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனமான பிடிபியில் எக்கெஹார்ட் பைக், கிறிஸ்டியான் தாம் இருவரும் இந்தத் தாவலைக் கொண்டு கடிகாரம் செய்யலாம் என்ற முன்மொழிவை வெளியிட்டார்கள். தாவலின் ஆற்றல் அப்போது சரியாகத் தெரியாது, ஒளியை யாரும் கண்டதில்லை. ஆயினும் அந்தக் கட்டுரை ஒரு துறையின் இலக்கை நிர்ணயித்தது.

2007இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் நாசாவின் எக்ஸ் கதிர் உணர்வியைக் கொண்டு மீண்டும் அளந்தது. 7.6 என்ற விடை வந்தது, பின்னர் அது 7.8 எனத் திருத்தப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்த தேடல் முழுவதும் தவறான இடத்தில் நடந்திருந்தது என்பது அன்று உறுதியாயிற்று. தேடவேண்டிய ஒளி வெற்றிடப் புற ஊதாக் கதிர்களின் எல்லைக்குத் தள்ளிப்போனது. சுற்றியுள்ள காற்றே விழுங்கிவிடும் ஒளி அது. அதற்கேற்ற லேசர்களும் கண்ணாடிகளும் அரியவை.

ஒளி அகப்படாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தனித்த தோரியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 6.3 எலக்ட்ரான் வோல்ட் போதும். உயர்நிலையில் உள்ள கரு 8 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் கையில் வைத்திருப்பதால், ஒளியை உமிழாமல் அந்த ஆற்றலை எலக்ட்ரானிடம் கொடுத்து, அதை வெளியே தள்ளிவிடும். இந்தத் தடையையே மியூனிக் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தீரோல்ஃப், லார்ஸ் ஃபொன் டெர் வென்சே குழு வழியாக்கிக்கொண்டது. யுரேனியத்தின் சிதைவில் தெறிக்கும் தோரியம் அயனிகளைச் சேகரித்து ஓர் உணர்வியின் மேல் படியவைத்து, வெளிப்படும் எலக்ட்ரான்களைப் பிடித்தார்கள். 2016இல் அந்த முடிவு வெளியானது. 40 ஆண்டுகளாகக் கணக்கில் மட்டும் இருந்த நிலை, உண்மையாகவே இருப்பதாக முதன்முறை நேரடியாக நிறுவப்பட்டது. நடுநிலை அணுவில் அதன் அரை ஆயுள் ஏழு மைக்ரோநொடி மட்டுமே என்பதும் அடுத்த ஆண்டு தெரிந்தது.

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. முன்னேற்றம் என்று நாளேடுகளில் ஒரு வரியாக வருவதன் பின்னே தவறான எண்களும், திரும்பப் பெற்ற அறிவிப்புகளும், பிறர் முடிவைச் சோதித்துப் பிழை கண்ட பொறுமையும் இருக்கின்றன. 3.5 தவறு என்று காட்டியதும், நைட்ரஜனின் ஒளியை இனங்கண்டதும் கண்டுபிடிப்புக்கு இணையான பணிகள். அவை இல்லாமல் அடுத்த படி இல்லை.

ஒளி அகப்பட்டது

எலக்ட்ரானை வெளியேற்றும் வழியை அடைத்தால்தான் கரு ஒளியை உமிழும். கால்சியம் ஃபுளோரைடு போன்ற படிகத்துக்குள் தோரியத்தைப் பதித்தால் அது நான்கு எலக்ட்ரான்களை இழந்த அயனியாக அமரும். அங்கே எலக்ட்ரானை விடுவிக்க 8.4 எலக்ட்ரான் வோல்ட் போதாது. அந்தப் படிகம் இந்தப் புற ஊதா ஒளியைத் தடுக்காமல் வெளியே விடவும் செய்யும்.

ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் ஐசோல்டே கூடத்தில், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம் முன்னின்ற குழு ஆக்டினியம்-229 கருக்களை இத்தகைய படிகங்களில் பதித்தது. ஆக்டினியம் சிதைந்து தோரியமாகும்போது பல கருக்கள் உயர்நிலையிலேயே பிறக்கின்றன. அவற்றிலிருந்து வந்த ஒளியை அளந்தபோது 8.338 எலக்ட்ரான் வோல்ட் என்ற விடை 2023இல் கிடைத்தது. தேட வேண்டிய பரப்பு வெகுவாகச் சுருங்கியது.

அதன்பின் வேகம் கூடியது. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் ஷும் குழு தோரியம்-229 செறிந்த கால்சியம் ஃபுளோரைடு படிகங்களை வளர்த்தது. அவற்றைக் கொண்டு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில், பிடிபியின் லேசர் கூடத்தில், பைக் குழுவும் ஷும் குழுவும் சேர்ந்து அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே தேடின. 2023 நவம்பர் 21 அன்று தெளிவான சைகை கிடைத்தது. லேசரை நிறுத்திய பின்னும் படிகம் மெல்ல ஒளிர்ந்துகொண்டிருந்தது. அந்த ஒளிர்வு தணிய நிமிடங்கள் பல ஆயின. தோரியம்-232 பதித்த படிகத்தில் அது இல்லை. அலைநீளம் 148.38 நானோமீட்டர். லேசரால் ஓர் அணுக்கருவை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு ஏற்றியது வரலாற்றில் அதுவே முதன்முறை. 2024 ஏப்ரலில் முடிவு வெளியாயிற்று. சில மாதங்களில் கலிஃபோர்னியாவில் எரிக் ஹட்சன் குழு வேறொரு படிகத்தில், வேறொரு லேசரில் அதே தாவலைக் கண்டு உறுதிசெய்தது.

ஜைலாவின் பங்கு இதற்கு அடுத்த கட்டம். அகச்சிவப்பு அதிர்வெண் சீப்பின் ஒளியை செனான் வாயுவில் குவித்து, ஏழு மடங்கு அதிர்வெண்ணுக்கு உயர்த்தி, வெற்றிடப் புற ஊதாவிலும் ஒரு சீப்பை உருவாக்கினார்கள். அதை வியன்னாவிலிருந்து வந்த படிகத்தில் செலுத்தி, அதே கட்டடத்தில் ஓடும் ஸ்ட்ரான்ஷியம் கடிகாரத்தோடு நேரடியாக ஒப்பிட்டார்கள். ஏப்ரலில் வந்த அளவீட்டைக் காட்டிலும் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் நுட்பமானது இந்த அளவீடு. கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள எண் இப்படித்தான் பிறந்தது. படிகத்தின் மின்புலம் அந்தத் தாவலைப் பல கோடுகளாகப் பிரித்திருப்பதையும், ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக அவர்களால் காண முடிந்தது.

மாறிலிகள் மாறுமா

மின்காந்த விசை எவ்வளவு வலியது என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு நுண்ணமைப்பு மாறிலி என்று பெயர். அதன் மதிப்பு ஏறத்தாழ 137இல் ஒரு பங்கு. அணுக்கள் எந்த அளவில் இருக்கும், எந்தெந்த வேதிப் பிணைப்புகள் அமையும், விண்மீன்களுக்குள் தனிமங்கள் எப்படிச் சமைகின்றன என்பவையெல்லாம் இந்த எண்ணைப் பொறுத்தவை. ஏன் இந்த மதிப்பு என்பதற்கு எந்தக் கோட்பாட்டிலும் விடை இல்லை. அளந்து தெரிந்துகொள்கிறோம், மாறாது என்று எடுத்துக்கொள்கிறோம்.

அந்த நம்பிக்கையைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. ஈர்ப்பு மாறிலி பிரபஞ்சத்தின் வயதோடு மெல்லக் குறையலாம் என்று பால் டிராக் 1937இல் எழுதினார். ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ யுரேனியச் சுரங்கத்தில், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் தானாகவே மூண்டு எரிந்த இயற்கை அணு உலையின் எச்சங்கள் 1972இல் கண்டறியப்பட்டன. அங்குள்ள சமேரியம் ஐசோடோப்புகளின் விகிதத்தைக் கொண்டு, அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை நுண்ணமைப்பு மாறிலி எவ்வளவுதான் மாறியிருக்க முடியும் என்று கணித்தார்கள். தொலைதூரக் குவேசார்களின் ஒளியிலும் தேடினார்கள். இன்றைய மாற்றத்துக்குக் கடுமையான வரம்புகளில் ஒன்றை இட்டவை பிரவுன்ஷ்வைக் நகரின் இட்டெர்பியம் அயனிக் கடிகாரங்கள். ஆண்டொன்றுக்கு ஏதேனும் மாற்றம் இருந்தால், அது 1க்குப் பின் 18 சுழியங்கள் இட்ட எண்ணில் ஒரு பங்கைத் தாண்டாது என்ற அளவுக்கு அவை வந்திருக்கின்றன.

தோரியத்தின் பேரேட்டுக்கு இப்போது திரும்பலாம். நுண்ணமைப்பு மாறிலி மிகச் சிறிதளவு மாறினாலும் மின்விசைப் பக்கத்துக் கணக்கு மாறும். வல்விசைப் பக்கம் அப்படியே நிற்கும். இரண்டின் மீதியாகிய 8.4 எலக்ட்ரான் வோல்ட் அந்த மாற்றத்தைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும். இந்தக் கருத்தை விக்டர் ஃபிளம்பாம் 2006இல் முன்வைத்தார். எத்தனை மடங்கு என்பதில் நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. ஜைலாவின் அளவீடுகளிலிருந்து உயர்நிலையில் கருவின் வடிவம் எப்படி மாறுகிறது என்பதை வியன்னா குழு கணித்து, ஏறத்தாழ 6,000 மடங்கு என்று 2025இல் வெளியிட்டது. பிழை வரம்பு இன்னும் பெரிது, கணக்கு கருவைப் பற்றிய ஒரு மாதிரியை ஒட்டியது. ஆனாலும் ஸ்ட்ரான்ஷியத்தின் தாவல் இந்த மாறிலிக்கு ஏறத்தாழ அசைவதே இல்லை என்பதை நினைத்தால் உத்தி எளிதில் புரியும். இரண்டு கடிகாரங்களையும் அருகருகே ஓடவிட்டு, அவற்றின் விகிதத்தை ஆண்டுக்கணக்கில் குறித்துவர வேண்டும். மாறிலி மாறினால் ஒன்று நகரும், மற்றது நிற்கும்.

கரும்பொருளைத் தேடுவோருக்கும் இது கருவி. பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒளியோடு உறவாடாத கரும்பொருள். அது மிக இலேசான துகள்களால் ஆனதாக இருந்தால், அலையாகப் பரவி நின்று, அடிப்படை மாறிலிகளைச் சீராக மேலும் கீழும் அசைக்கலாம் என்பது ஒரு கோட்பாடு. அந்த அசைவு தோரியம் கோட்டின் அதிர்வெண்ணிலும் வடிவத்திலும் தடம் பதிக்க வேண்டும். வெளிவந்த தரவுகளை வைத்தே இஸ்ரேலின் வைஸ்மன் நிலைய ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, முதற்கட்டத் தேடலைச் செய்து வரம்புகளை வெளியிட்டிருக்கிறது. எதுவும் காணாவிட்டாலும் அத்தேடல் வீணாகாது. எந்தெந்தக் கோட்பாடுகள் பொருந்தா என்பதை ஒவ்வொரு வரம்பும் சொல்லும்.

இன்று எந்த இடத்தில் இருக்கிறோம்

இங்கே நிதானம் தேவை. 2024இன் அளவீட்டில் பிழை வரம்பு லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஸ்ட்ரான்ஷியம் கடிகாரம் அதைவிடப் பத்து லட்சம் மடங்கு முன்னே நிற்கிறது. ஆகவே இன்று நம்மிடம் இருப்பது கடிகாரத்துக்கு வேண்டிய எல்லா உறுப்புகளும் பொருத்தப்பட்ட முன்மாதிரி. உலகின் சிறந்த கடிகாரமாக அது இன்னும் ஆகவில்லை.

தடைகள் தெளிவாகவே தெரிகின்றன. 148 நானோமீட்டரில் வலிமையான, ஒரே நிறமுள்ள, விடாமல் எரியும் லேசர் தேவை. படிகத்தின் வெப்பநிலை மாறினால் அதன் அணு இடைவெளி மாறி, கோடுகளும் நகர்கின்றன. இதை அளந்த ஜைலா குழு, ஒரு கோடு மற்றவற்றைவிட மிகக் குறைவாக நகர்வதையும், சுமார் 195 கெல்வினில் அந்த நகர்வு ஏறத்தாழ நின்றுவிடும் என்பதையும் 2025இல் காட்டியது. படிகம் வளர்ப்பதற்குக் கணிசமான தோரியம்-229 வேண்டும் என்பதால், மைக்ரோகிராம் அளவு தோரியம் ஃபுளோரைடை ஆவியாக்கி மெல்லிய படலமாகப் படியவைக்கும் முறை 2024 டிசம்பரில் வெளியாயிற்று. கதிரியக்கம் அதனால் ஆயிரம் மடங்கு குறைகிறது. படிகத்தை விட்டுவிட்டு, மும்முறை மின்னேற்றம் பெற்ற ஒற்றைத் தோரியம் அயனியை வெற்றிடப் பொறியில் பிடித்து வைக்கும் வழியிலும் பலர் உழைக்கிறார்கள். ஜப்பானின் ரிக்கென் குழு அத்தகைய அயனியில் உயர்நிலையின் ஆயுளை அளந்திருக்கிறது. உச்சத் துல்லியம் அந்த வழியில் வரலாம். ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே எடுத்துச் செல்லத்தக்க சிறிய, உறுதியான கடிகாரம் படிக வழியில் வரலாம். அப்படி வந்தால் நிலத்தின் உயர மாற்றங்களைச் சென்டிமீட்டர் கணக்கில் நேரத்தைக் கொண்டே அளக்கவும், செயற்கைக்கோள் சைகை எட்டாத இடங்களில் வழியறியவும் பயன்படும்.

அந்தத் தோரியம் எங்கிருந்து வருகிறது

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கரையில் எடுக்கும் மோனசைட் மணலில் தோரியம் உண்டு என்பது தமிழ் வாசகர் அறிந்தது. அது தோரியம்-232. கடிகாரத்துக்கு வேண்டிய 229ஐ அந்த மணலிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. தோரியம்-232ஐ அணு உலையில் வைத்தால் அது நியூட்ரானை ஏற்று யுரேனியம்-233 ஆகும். யுரேனியம்-233இன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,60,000 ஆண்டுகள். அது மெல்லச் சிதைந்து தருவதே தோரியம்-229. உலகில் இருக்கும் சிறு இருப்பின் பெரும்பகுதி, பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா உலைகளுக்காகச் செய்து டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் வைத்திருந்த யுரேனியம்-233இலிருந்து வந்தது.

அதே அணுவை மருத்துவமும் கேட்கிறது. தோரியம்-229 சிதையும்போது வழியில் ஆக்டினியம்-225 தோன்றுகிறது. அதன் அரை ஆயுள் பத்து நாள். புற்றுச் செல்லைத் தேடிப் பற்றும் மூலக்கூறோடு அதை இணைத்து உடலில் செலுத்தினால், அதிலிருந்து வரும் ஆல்ஃபா துகள்கள் சில செல்களின் தூரத்துக்குள்ளேயே தம் ஆற்றல் முழுவதையும் கொட்டிப் புற்றை அழிக்கும். பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோயில் இந்தச் சிகிச்சைக்குக் கிடைத்த பலன்களை ஹைடல்பெர்க் மருத்துவர்கள் 2016இல் பதிவு செய்தார்கள். அதன் பிறகு ஆக்டினியத்துக்கான தேவை ஏறிக்கொண்டே போகிறது. இயற்கையின் மாறிலிகளைச் சோதிக்கும் கருவிக்கும் ஒரு நோயாளியின் ஆயுளை நீட்டிக்கும் மருந்துக்கும் மூலப்பொருள் ஒரே பெட்டகத்திலிருந்து வருகிறது. பழைய யுரேனியத்தைக் கழிவாகக் கருதி அப்புறப்படுத்தும் திட்டங்கள் வகுக்கப்பட்டபோது, முதலில் தோரியத்தைப் பிரித்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்ற குரல் எழுந்ததற்கு இதுவே காரணம். மைக்ரோகிராம் போதும் என்ற மெல்லிய படல முறையின் அருமையும் இங்கேதான் புரிகிறது.

இந்தியாவுக்கு இதில் நேரடியான பங்கு இருக்க முடியும். யுரேனியம்-233ஐ உருவாக்கிப் பிரித்து எரிபொருளாக்கும் அனுபவம் உள்ள நாடுகள் மிகச் சில. கல்பாக்கத்தில் 1996இல் இயங்கத் தொடங்கிய காமினி என்ற 30 கிலோவாட் ஆய்வு உலை அந்த எரிபொருளிலேயே ஓடுவது. நாட்டின் நேரத்தைக் காக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும், இட்டெர்பியம் அயனிக் கடிகாரத்தை உருவாக்கிவரும் புனேயின் ஐயூக்கா நிறுவனமும் துல்லிய அளவியலில் பழகியவை. தோரியம் வேதியியலும் கடிகார இயற்பியலும் ஒரே நாட்டில் தனித்தனி வளாகங்களில் இருக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்க்கும் திட்டம் பெருஞ்செலவு பிடிக்கும் துகள் முடுக்கியைப் போன்றதல்ல. சில ஆய்வுக்கூடங்கள், நல்ல லேசர்கள், இளம் ஆய்வாளர்களுக்கு நீண்டகால உறுதி ஆகியவை போதும்.

நீண்டகால உறுதி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1976இன் ஊகத்தை 2024இன் எண்ணாக்கியது எந்த ஒரு தனி மேதையின் வேலையும் அல்ல. பைக் 2003இல் எழுதிய முன்மொழிவு நிறைவேற 20 ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் அவருடைய நிறுவனம் அந்தக் கூடத்தைத் திறந்தே வைத்திருந்தது. வியன்னா தன் படிகங்களைப் பிரவுன்ஷ்வைகுக்கும் போல்டருக்கும் அனுப்பியது. ஒருவர் தவறை இன்னொருவர் அச்சிலேயே திருத்தினார். மூன்றாண்டுக்கு ஒருமுறை பலனைக் கணக்குக் கேட்கும் நிதி முறை இத்தகைய தேடலைப் பாதியிலேயே நிறுத்தியிருக்கும். இனி வரும் வேலையும் அதே இயல்புடையது. மாறிலி மாறுகிறதா என்று அறிய இரண்டு கடிகாரங்களை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒப்பீடு தொடங்கும் இந்தக் காலத்திலேயே நாமும் அதில் சேர வேண்டும், அதைக் கைவிடாமல் நடத்தும் உறுதியோடு சேர வேண்டும்.